உப்புநீர் ஏறும் வாசற்படிகள்

வெனிஸ் நகருக்குப் புகையிரதத்திற் செல்பவர், சாந்தா லூசியா நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் முதலிற் காண்பது தெருவை அன்று, நீரை. நிலையத்தின் அகன்ற படிகள் இறங்கி முடியும் இடத்திற் பெருங்கால்வாய் ஓடுகிறது. மோட்டார் வண்டிகள் நிற்கவேண்டிய இடத்திற் படகுகள் நிற்கின்றன. கார்த்திகை மாதத்துப் பிற்பகல் ஒன்றில் நாம் அங்கே இறங்கியபோது மழை தூறிக்கொண்டிருந்தது. கையிற் பெட்டியும் தலையில் மழையுமாக, எந்தப் படகில் ஏறுவது என்று தெரியாமற் சிறிது நேரம் திகைத்து நின்றோம்.

காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையே நீர் நடுவே நிற்கும் கடற்கோட்டையைச் சிறுவயதிலிருந்து பார்த்து வந்த நமக்கு, நீருட் கட்டடம் நிற்பது ஒரு புதுமையன்று. ஆயினும் அது ஒரு கோட்டை. இங்கோ கோயிலும் கடையும் பாடசாலையும் வைத்தியசாலையும் குடியிருப்புகளுமாக ஒரு நகரமே நீரில் நிற்கிறது. ஆண்டுதோறும் உயர்ந்துவரும் கடலிடமிருந்து அந்நகர மக்கள் தம் பழைய வீடுகளை எவ்வாறு காத்து வருகிறார்கள் என்பதைக் கண்ணாற் காணவேண்டும் என்பதே நம் பயணத்தின் நோக்கம். மாளிகைகளையும் ஓவியங்களையும் பற்றி எழுதியவர்கள் ஏராளம். நாம் வாசற்படிகளைப் பார்க்கப் போனோம்.

கன்னரேஜோ என்னும் பகுதியில், குறுகிய சந்து ஒன்றினுள், கைம்பெண்ணான ஒரு முதிய அம்மையாரும் அவருடைய மகளும் நடத்தும் சிறிய விடுதியில் நமக்கு அறை கிடைத்தது. மகள் ஆங்கிலம் நன்கு பேசுவார். தாயார் பேசுவதை அவரே நமக்கு மொழிபெயர்த்துச் சொன்னார். வாசலிற் கால் வைத்தவுடன் ஒன்றைக் கவனித்தோம். கதவுநிலையின் இருபுறமும் முழங்கால் உயரத்துக்குச் சற்று மேலாக இரும்புத் தவாளிப்புகள் இரண்டு பதிக்கப்பட்டிருந்தன. அவை எதற்கென்று கேட்டோம். அம்மையார் படிக்கட்டின் கீழிருந்து றப்பர் விளிம்பு கட்டிய உலோகப் பலகை ஒன்றை இழுத்து வந்து, அத்தவாளிப்புகளுக்குள் இறக்கி, இருபுறத் திருகுகளையும் இறுக்கிக் காட்டினார். நீர் உயரப்போகிறதென்று செய்தி வந்தால், அந்தத் தெருவில் எல்லா வாசல்களிலும் இவ்வாறு பலகை ஏறும். வெளியே செல்பவர்கள் அதைத் தாண்டித்தான் போகவேண்டும். எழுபது வயதைக் கடந்த அந்த அம்மையார் அதனைத் தாண்டிய இலாகவத்தைக் கண்டு நாம் வெட்கப்பட்டோம்.

நகரத்தின் அமைப்பைச் சிறிது சொல்லாவிட்டால் மேலே வருவது விளங்காது. ஏறத்தாழ 550 சதுரக் கிலோமீற்றர் பரப்புடைய ஆழமற்ற ஒரு கடனீரேரியின் நடுவே, நூற்றுக்கு மேற்பட்ட சிறு திட்டுகளின் மேல் வெனிஸ் எழுந்திருக்கிறது. சேற்று நிலமாதலால், முதலில் மரக்குற்றிகளை நெருக்கமாக இறுக்கி அறைந்தார்கள். சேற்றினுட் காற்றுப் புகாமையால் அம்மரங்கள் எளிதில் உக்குவதில்லை. குற்றிகளின் மேற் பலகைகளைப் பரப்பி, அவற்றின் மேல் இஸ்திரியா நாட்டிலிருந்து கொண்டுவந்த வெண்கல்லை அடுக்கினார்கள். அந்தக் கல் மிக நெருக்கமானது. நீரை எளிதில் உறிஞ்சாது. அதற்கு மேலேதான் செங்கற் சுவர் தொடங்குகிறது. கடலலை தொடும் உயரம் வரை கல். அலை தொடாத உயரத்திற் செங்கல். இதுதான் பழைய கொத்தர்கள் வகுத்த கணக்கு.

கணக்கிற் பிழையில்லை; கடல்தான் உயர்ந்துவிட்டது. நிலமும் தாழ்ந்துவிட்டது. எதிர்க்கரையில் மார்கேரா என்னுமிடத்தில் எழுந்த தொழிற்சாலைகள், நிலத்தடியிலிருந்து நன்னீரைப் பெருமளவில் இறைத்தமையால், சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் நகரம் விரைவாக அமிழ்ந்தது. 1970ஆம் ஆண்டளவில் அவ்விறைப்பைக் கட்டுப்படுத்தினார்கள். அமிழ்வு குறைந்ததேயன்றி, அமிழ்ந்த நிலம் மீளவில்லை. வெனிசில் நீர்மட்டத்தை அளப்பதற்கு 1897ஆம் ஆண்டின் சராசரிக் கடல்மட்டத்தையே பூச்சியமாகக் கொள்கிறார்கள். இன்று அங்கே சாதாரணக் கடல்மட்டமே அந்தப் பூச்சியத்துக்கு ஏறத்தாழ 30 சென்ரிமீற்றர் மேலே நிற்கிறது.

இதற்கும் முந்திய காலத்தை அறிய ஒரு விந்தையான சான்று உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கனலெத்தோ என்னும் ஓவியர், இருட்பெட்டிக் கருவியின் உதவியால் மாளிகைகளை அளவு பிசகாமல் வரைந்தவர். சுவர்களிற் பாசி படிந்த பச்சை வரம்பைக்கூட அவர் விடவில்லை. அந்தப் பாசி வரம்பு அன்று எவ்வளவு உயரத்தில் இருந்தது, இன்று அதே சுவரில் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று தாரியோ கமுப்போ என்ற அறிஞர் ஒப்பிட்டு அளந்தார். அரை மீற்றருக்கு மேல் வேறுபாடு கண்டார். அழகுக்காக வரைந்த படம் கடலை அளக்கும் கோலாகப் பயன்படும் என்று அவ்வோவியர் கனவிலும் எண்ணியிரார்.

மறுநாட் காலை அம்மையாரின் மகள் நம்மை எழுப்பினார். நகரத்து வற்றுப்பெருக்கு நிலையம் அனுப்பிய செய்தி அவருடைய கைத்தொலைபேசியில் வந்திருந்தது: பெருக்கு 95 சென்ரிமீற்றர் வரை ஏறும். இந்த எண்ணைத் தெருவில் நிற்கும் நீரின் ஆழமென்று வாசகர்கள் கொள்ளலாகாது. பழைய பூச்சியத்திலிருந்து அளந்த உயரமே அது. விடுதி இருந்த சந்து 95இல் நனையாது. ஆனால் நகரத்தின் மிகத் தாழ்ந்த பகுதிகளில் ஒன்றான புனித மார்க்குச் சதுக்கம் 80இலேயே நனையத் தொடங்கிவிடும். இரவல் வாங்கிய நீண்ட றப்பர்ச் சப்பாத்துகளை மாட்டிக்கொண்டு சதுக்கத்துக்கு விரைந்தோம்.

நீர் கரையைத் தாண்டிப் பாய்ந்து வரும் என்று எதிர்பார்த்திருந்தோம். அப்படி வரவில்லை. சதுக்கத்தின் நடுவே, கற்பாளங்களுக்கிடையிலுள்ள வடிகாற் துளைகள் வழியாக, ஓசையின்றிக் குமிழியிட்டுக் கீழிருந்து எழுந்தது. மழைநீர் கடலுக்குப் போகும் வழியாகவே கடல் ஊருக்குள் வந்துகொண்டிருந்தது. அரை மணி நேரத்துக்குள் அச்சதுக்கம் ஒரு குளமாயிற்று. பணியாளர் மேசைபோன்ற மரநடைபாதைகளை வரிசையாக அடுக்கினர். மக்கள் ஒருவர்பின் ஒருவராக அவற்றின் மேல் நடந்தார்கள். சுற்றுலாப் பயணிகள் சிரித்துப் படமெடுத்தனர். ஒரு கோப்பிக் கடையின் பரிசாரகர், கணுக்கால் நீரில் நின்றவாறே கதிரைகளை மேசைமீது ஏற்றிக்கொண்டிருந்தார். அவர் சிரிக்கவில்லை.

அருகிலுள்ள கோமான் மாளிகையின் கீழ்த்தளத் தூண்களைப் பார்த்தால், கட்டையாகவும் பீடமின்றியும் தோன்றும். அமைத்த சிற்பியின் குறையன்று அது. நீருக்கு அஞ்சிச் சதுக்கத்தின் தரையைக் காலத்துக்குக் காலம் உயர்த்தி வந்தார்கள். தூண்களின் பீடங்கள் தரைக்கடியிற் போய்விட்டன. தரையை உயர்த்தினால் தூண் குறுகும். உயர்த்தாவிட்டாற் கோயில் நனையும். பழைய நகரைக் காப்பவர்களுக்கு வாய்க்கும் சங்கடம் இத்தகையது.

இத்தனை நீரும் எங்கிருந்து வருகிறது? அத்திரியாற்றிக் கடல் ஒரு நீண்ட தொட்டியைப் போன்றது; அதன் வடமுனையிலே வெனிஸ் இருக்கிறது. நாம் சோளகம், வாடை என்று காற்றுகளுக்குப் பெயரிட்டிருப்பது போல, அவர்கள் தென்கிழக்கிலிருந்து வரும் காற்றைச் 'சிறோக்கோ' என்பார்கள். அது நாட்கணக்காக வீசுமானாற் கடல்நீரைத் தொட்டியின் வடமுனைக்குத் தள்ளிவிடும். அவ்வேளையிற் பெருக்கும் சேர்ந்துகொண்டால் வருவதே 'அக்குவா ஆல்ற்றா', அதாவது உயர்நீர். 1966ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் திகதி வந்தது 194 சென்ரிமீற்றர். அன்று காற்று விடாது வீசியதனால், வற்றவேண்டிய நீர் வற்றாமல் நிற்க, அடுத்த பெருக்கு அதன்மேல் ஏறி வந்தது. வெளித்தீவாகிய பெலெஸ்திரீனாவில், 1782இற் கட்டி முடிந்த கற்கடலணைகளைப் பல இடங்களில் அலை உடைத்தது. மின்சாரம் நின்றது. வீடுகளைச் சூடாக்கும் எண்ணெய்த் தாங்கிகள் கசிந்து, நீர் வடிந்தபின் சுவர்களிற் கருவரம்பு ஒன்று எஞ்சியது. உலகம் விழித்துக்கொண்ட நாள் அது. ஐக்கிய நாடுகளின் கல்வி, விஞ்ஞான, பண்பாட்டு நிறுவனம் நகரைக் காக்க உலகெங்கும் உதவி கோரியது; 1973இல் இத்தாலி தனிச் சட்டம் ஒன்றும் இயற்றியது.

சட்டத்துக்கும் செயலுக்கும் இடையே முப்பது ஆண்டுகள் ஓடின. கடனீரேரி கடலோடு சேருமிடங்கள் மூன்று: லீடோ, மலமொக்கோ, கியோஜ்ஜா. அவற்றை வேண்டியபோது அடைக்கும் 'மோசே' என்னும் கடற்கதவுத் திட்டம் 2003இலேதான் வேலையாகத் தொடங்கிற்று. கடலைப் பிளந்த மோசேயின் பெயர் பொருத்தமானதே; ஆனால் அவர் கோலை நீட்டியவுடன் காரியம் முடிந்தது. இங்கே பதினேழு ஆண்டுகள் சென்றன. 500 கோடி யூரோவுக்கு மேற் செலவாயிற்று. 2014இல் இலஞ்ச வழக்கிற் பலர் கைதாயினர். கதவுகள் ஆயத்தமாகுமுன்னரே, 2019ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் திகதி இரவு 187 சென்ரிமீற்றர் நீர் வந்தது. அந்த ஒரே வாரத்தில் 140ஐத் தாண்டிய பெருக்கு நான்கு முறை.

அந்த இரவைப் பற்றி நம் அம்மையாரிடம் கேட்டோம். கூடத்துச் சுவரில் முழங்காலுக்கு மேலே தம் உள்ளங்கையை வைத்துக் காட்டினார். உலோகப் பலகையின் மேலாக நீர் உள்ளே விழுந்ததாம். தாயும் மகளும் நாற்காலிகளையும் தலையணைகளையும் மேலே தூக்கினார்கள். காலஞ்சென்ற கணவரின் புத்தக அலுமாரியின் கீழ்த்தட்டை மறந்துவிட்டார்கள். அந்தப் புத்தகங்களைக் காயவைத்து இன்னும் வைத்திருக்கிறார். திறந்து வாசிக்க முடியாது. இதைச் சொல்லும்போது மட்டும் அவருடைய குரல் தாழ்ந்தது.

கடற்கதவுகளைப் பார்க்கவென்று ஒருநாள் படகேறி லீடோவுக்குப் போனோம். உண்மையைச் சொன்னால், பார்ப்பதற்கு அங்கே ஒன்றுமில்லை. கதவுகள் நீருக்கடியிற் படுத்திருக்கின்றன. மூன்று வாய்களிலுமாக மொத்தம் 78. ஒவ்வொன்றும் 20 மீற்றர் அகலமான உருக்குப் பெட்டி. சாதாரண நாட்களிற் பெட்டியுள் நீர் நிறைந்திருக்கும். அது கடலடிப் படுக்கையிற் கிடக்கும். உயர்நீர் வருமெனத் தெரிந்தால், அழுத்திய காற்றை உள்ளே செலுத்தி நீரை வெளியேற்றுவார்கள். இலேசான பெட்டி, ஒருபுறக் கீலைப் பற்றிக்கொண்டு மறுபுறம் மேலெழுந்து, சாய்ந்த மதிலாக நிற்கும். 2020ஆம் ஆண்டு ஒக்டோபர் 3ஆம் திகதி முதன்முறையாகப் பெருக்கின்போது அவற்றை எழுப்பினார்கள். அன்று புனித மார்க்குச் சதுக்கம் நனையாமற் கிடந்ததைக் கண்டு மக்கள் கண்ணீர் விட்டதாக அம்மையாரின் மகள் சொன்னார். 2022 நவம்பரிலே கடல் 170 சென்ரிமீற்றருக்கு மேல் ஏறியபோதும் நகரம் தப்பியது. அன்று கதவு இல்லாதிருந்தால் 1966ம் 2019ம் மீண்டிருக்கும்.

ஆனால் கதவுக்கும் ஓர் எல்லை உண்டு. அதே 2020ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் திகதி, முன்னறிவிப்புக் குறைவாக இருந்ததென்று கதவுகளை எழுப்பாதிருந்தார்கள்; காற்று மாறி நீர் 138க்கு ஏறிவிட்டது. எழுப்புவதென்றால் பெருஞ் செலவு. துறைமுகத்துக்குக் கப்பல் வருவதும் தடைப்படும். இன்னொரு காரணமும் உண்டு. கழிவுநீரிற் பெரும்பகுதி இன்றும் கால்வாய்களுக்கே செல்லும் அந்நகரை, நாளுக்கு இருமுறை ஏறி இறங்கும் வற்றுப்பெருக்கே கழுவி வருகிறது. கதவு அடிக்கடி மூடிக்கிடந்தால் கடனீரேரி அழுகும். எனவே 110 சென்ரிமீற்றர் அளவில் வருமென்று கண்டாலன்றிக் கதவு எழாது. அப்படியிருந்தும் 2020 முதல் நூறு தடவைக்கு மேல் எழுப்ப நேர்ந்திருக்கிறது. இந்நூற்றாண்டின் இறுதிக்குள் உலகக் கடல்மட்டம் 28 முதல் 101 சென்ரிமீற்றர் வரை உயரக்கூடும் என்று பருவநிலை ஆராயும் பன்னாட்டு அறிஞர் குழு 2021இற் கணித்தது. அரை மீற்றர் உயர்ந்தாலே, கதவு எழாத நாளைத் தேடவேண்டியிருக்கும்.

ஆகவே, நாம் சதுக்கத்தில் நின்று பார்த்த 95 சென்ரிமீற்றர் நீரைத் தடுக்க அந்தப் பெருங்கதவு எழவில்லை, எழவும் மாட்டாது. கதவு தடுப்பது பெருவெள்ளத்தை. கட்டடங்களை உண்பது சிறுவெள்ளம். இதனை நமக்குக் கண்ணெதிரே காட்டியவர் ஒரு மேசன்.

விடுதிக்கு இரண்டு சந்து அப்பால், நூற்றாண்டுகள் பழைய வீடொன்றின் சுவரில் அவர் வேலை செய்துகொண்டிருந்தார். முருகைக்கல் வீடுகளிற் பிறந்தவர்களுக்குச் சுவர் உப்புப் பூத்தல் என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. அதுவே அங்கும். இஸ்திரியாக் கல்லின் மேல்விளிம்பைக் கடல் தாண்டியதும் செங்கல் உறிஞ்சத் தொடங்குகிறது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல உப்புநீர் சுவரில் ஏறும். வெயிலில் நீர் ஆவியாகிப் போகும், உப்புப் போகாது. செங்கல்லின் நுண்துளைகளில் அது படிகமாகி, பருத்து, உள்ளிருந்தே கல்லை நொறுக்கும். மறுபெருக்கில் மீண்டும் கரையும்; மீண்டும் படியும். மேசன் தம் விரலாற் சுவரைச் சுரண்டினார். செங்கல் மாவாக உதிர்ந்தது. சீமெந்து பூசி மறைத்தவர்களை அவர் கடிந்து பேசினார்: வெளியேற வழியற்ற ஈரம் இன்னும் உயரத்துக்கு ஏறிவிடுமாம். சுவர் மூச்சுவிடச் சுண்ணாம்புச் சாந்தே வேண்டும் என்பது அவர் கட்சி. நம் ஊர்ப் பழைய மேசன்மாரும் இதனையே சொல்லக் கேட்டிருக்கிறோம்.

அவர் செய்துகொண்டிருந்த வேலைக்கு அவர்களுடைய மொழியில் 'பிரித்தலும் தைத்தலும்' என்று பொருள்படும் பெயர். சுவரை இடிப்பதில்லை. உக்கிப்போன செங்கற்களை ஒவ்வொன்றாக, சில கற்களைத் தாங்கலாக விட்டு, பெயர்த்தெடுத்து, அதே அளவான புதுக் கற்களைச் சுண்ணாம்பில் வைத்து இறுக்குகிறார்கள். மேலே மூன்று மாடியில் மக்கள் வழமைபோற் சமைத்து உண்டு உறங்குகின்றனர். சில வீடுகளிற் சுவரைக் கிடையாக அறுத்து, ஈயத் தகட்டையோ அதுபோன்ற நீர் புகாத் தகட்டையோ செருகி, ஈரம் ஏறும் வழியை அடைப்பதும் உண்டு. ஒரு நாளில் எத்தனை கல் மாற்றுவீர் என்று கேட்டோம். சுவர் விடுகிற அளவு என்றார்.

இந்த வேலைக்கு ஆள் வேண்டும், பணம் வேண்டும், அதற்குமேல், அந்த வீட்டில் ஒருவர் குடியிருக்க வேண்டும். பூட்டிக் கிடக்கும் வீட்டின் வாசலிற் பலகை ஏற்ற எவருமில்லை. நீர் வடிந்தபின் கழுவவும் எவருமில்லை. 1951இல் நகரத் தீவுகளில் ஏறத்தாழ 1,75,000 பேர் வாழ்ந்தார்கள். 2022இல் அத்தொகை 50,000க்குக் கீழே இறங்கிவிட்டது. கீழ்த்தளங்களிற் குடியிருப்பு அருகிவிட்டது. மேல்தளங்கள் பல, சில நாட் பயணிகளுக்கென வாடகைக்கு விடப்படுகின்றன. நாமும் அத்தகைய பயணிகளில் ஒருவரே என்பதை இவ்விடத்தில் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். நம் அம்மையாரின் சந்திலே, முன்னர் இருந்த பாண் கடையும் தையற்கடையும் போய், முகமூடி விற்கும் கடைகள் இரண்டு வந்திருக்கின்றன. அவரோடு சேர்த்து அச்சந்தில் ஆண்டு முழுவதும் வாழ்கின்ற குடும்பங்கள் ஐந்து.

புனித மார்க்குக் கோயிலுக்கு நல்ல காலம். பெருங்கதவு எழாத சிறுபெருக்குகளிலிருந்து அதனைக் காக்க, 2022இற் கோயிலைச் சுற்றிக் கண்ணாடித் தடுப்பு ஒன்றை நிறுவினார்கள். அன்று காலை வெளியே சதுக்கத்தில் நீர் நிற்க, உள்ளே முன்மண்டபத்தின் பலநிறக் கற்றரை உலர்ந்திருந்ததைப் பார்த்தோம். கண்ணாடிக்கு ஒருபுறம் குளம், மறுபுறம் கோயில். அழகைக் கெடுக்கிறதென்று சிலர் குறைகூறினர். பதினோராம் நூற்றாண்டுக் கட்டடத்தைக் கண்ணாடிக்குள் வைப்பது நமக்கும் முதலில் உறுத்தியது. உதிர்ந்த செங்கல்லை விரலில் எடுத்துப் பார்த்தபின் உறுத்தவில்லை. ஆனால் ஊரில் எல்லா வீட்டுக்கும் கண்ணாடி போட முடியுமா என்று மேசன் கேட்ட கேள்விக்கு நம்மிடம் மறுமொழி இல்லை.

நகரத்துச் சிறு முற்றங்களிலெல்லாம் கல்லாற் செதுக்கிய கிணற்று வாய்கள் இருக்கின்றன. 1884இற் குழாய்நீர் வரும்வரை, மழைநீரை மணலில் வடித்து நிலத்தடித் தொட்டிகளிற் சேமித்தே அவர்கள் குடித்தார்கள். உயர்நீரின் உப்புப் புகாதிருக்கச் சில கிணறுகளைப் படிகட்டி உயர்த்தியிருக்கிறார்கள். கிணற்றில் உவர் ஏறுவதன் துயரை அறிந்த ஊரிலிருந்து வந்தவர்கள் நாம். ஆகவே மாளிகைகளைவிட இந்தக் கிணறுகளுக்கு அருகிலேயே அதிக நேரம் நின்றோம்.

புறப்படுகின்ற நாளுக்கு முந்திய இரவு பெருக்கு 105 என்று செய்தி வந்தது. கதவு எழவில்லை. சந்தின் தாழ்ந்த முனையில் மட்டும் நீர் வந்து, விடிவதற்குள் வடிந்துவிட்டது. காலையில் நாம் பெட்டியோடு கீழே இறங்கியபோது, அம்மையார் முழங்காற் சப்பாத்து அணிந்து, வாளியில் நன்னீரும் கையில் தும்புத்தடியுமாக வாசற்படியைக் கழுவிக்கொண்டிருந்தார். நீர் தம் படியைத் தொடவில்லையே, ஏன் கழுவுகிறீர்கள் என்று மகள் மூலம் கேட்டோம். பக்கத்து வீட்டுப் படியைத் தொட்டதாம். அந்த வீட்டுக்காரர் மிலானுக்குக் குடிபெயர்ந்து நான்கு ஆண்டுகளாகின்றனவாம். உப்பைக் காயவிடலாகாது என்று அவர் சொல்லி, வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போனார். படகுக்கு நேரமாகிவிட்டதால் நாம் விடைபெற்றோம். அவர் நிமிர்ந்து பார்த்துத் தலையசைத்துவிட்டு, மீண்டும் குனிந்து தேய்க்கத் தொடங்கினார்.